ராம் 6.7 கம்மின்ஸ்: கிரிட் ஹீட்டரைக் கழற்றுவதா, மாற்றுவதா?

இன்ஜினுக்குள் நுழையும் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர் கெட்டுப்போனால் குளிர்காலத்தில் காலையில் கொஞ்சம் புகை வரும், அவ்வளவுதான். அதைப் பிடித்திருக்கும் போல்ட் கெட்டுப்போனால் இன்ஜினே போய்விடும். ராம் 2500, 3500 பிக்கப்களில் 2007-இன் நடுவிலிருந்து வரும் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினை வைத்திருப்பவர்கள் கிரிட் ஹீட்டரைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இந்த ஒன்றுதான். அதனால் சந்தையில் கிடைக்கும் மாற்றுப் பாகங்களை எடை போடும்போது "எவ்வளவு நன்றாகச் சூடாக்குகிறது" என்று முதலில் பார்க்க வேண்டியதில்லை. கழன்று விழக்கூடிய இரும்பு காற்றுப் பாதைக்குள் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சூடு தேவையா என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொண்டு பாகம் வாங்கியவர்கள்தான் அதிகம்.

சமாச்சாரம் எளிமையானது. பழைய ரூம் ஹீட்டரில் பழுக்கும் பட்டைக் கம்பியை மடித்து மடித்து, இன்ஜினுக்குக் காற்று நுழையும் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ராம் பிக்கப்பில் இந்த கம்மின்ஸுக்கு 2024 வரை குளோ பிளக் (சிலிண்டருக்குள்ளேயே பழுத்துச் சூடாக்கும் முனை) கிடையாது. டீசல் நேராக சிலிண்டருக்குள் தெறிக்கும் வகை, கம்ப்ரெஷனும் ஆரம்ப 6.7-இல் 17.3-க்கு 1. சாதாரணக் குளிரில் அந்த அழுத்தச் சூடே டீசலைப் பற்றவைத்துவிடும். பனி உறையும் இடங்களில் மட்டும் உள்ளே போகும் காற்றைக் கொஞ்சம் சூடாக்கிக் கொடுத்தால் போதும். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் சுருள் விளக்கு எரிகிறதே, அது இந்த ஹீட்டர் வேலை செய்யும் நேரம். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகும் சில நிமிடங்களுக்கு விட்டுவிட்டு இழுக்கும். அப்போது வோல்ட் மீட்டர் முள் ஏறி இறங்குவதையும் ஹெட்லைட் மங்கித் தெளிவதையும் பார்த்து ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று கழற்றியவர்கள் உண்டு. பழைய 24 வால்வு 5.9 லிட்டர் கம்மின்ஸில் இன்டேக் காற்று 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் முன்சூடு கிடையாது. அதற்குக் கீழே 10 வினாடி, உறைகுளிரில் பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட்டுக்கும், அதாவது மைனஸ் 18 செல்சியஸுக்கும், கீழே போனால் 30 வினாடி.

இனி அந்த போல்ட். பேட்டரியிலிருந்து ரிலே வழியாக வரும் தடித்த கேபிள், ஹீட்டர் சட்டத்தின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்டட்டில் முடுக்கப்பட்டிருக்கும். அந்த ஸ்டட் காப்பு வளையங்களின் ஊடாகச் சட்டத்துக்குள் நுழைந்து, உள்ளே பட்டைக் கம்பியின் முனையோடு நட்டு போட்டு இணைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் அவ்வழியே போய், சட்டத்தின் மூலம் இன்ஜின் எர்த்துக்கு இறங்குகிறது. இழுக்கும் கரண்ட் 100 ஆம்பியருக்கு மேல். அந்த உள் இணைப்பு சூடாகி விரியும், ஆறிச் சுருங்கும். குளிர்காலம் முழுக்க இதே வேலை. மெல்ல மெல்ல நட்டின் பிடி தளரும். தளர்ந்த இடத்தில் 0.01 ஓம் தடை வந்தால் போதும்: 100 ஆம்பியருக்கு அந்த ஒரு புள்ளியில் மட்டும் 100 வாட் சூடு. பொறி தெறிக்கும், இரும்பு தின்னப்படும், போல்ட்டின் கழுத்து பென்சில் முனை மாதிரி மெலியும். ஒருநாள் நட்டும் போல்ட் நுனியும் சேர்ந்து துண்டாகிக் கீழே விழும். டர்போ காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ப்பது பெரும்பாலும் கேபின் பக்கம் கடைசியாக இருக்கும் ஆறாவது சிலிண்டரில். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே அவ்வளவு பெரிய இரும்புக்கு இடமே கிடையாது. பிஸ்டன் தலை, வால்வு, ஹெட், சிலிண்டர் சுவர் எல்லாம் சிதையும். உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வால்வு வழியாக வெளியேறினால் டர்போவின் நகரும் இதழ்களும் போச்சு. மாற்று இன்ஜின், பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்தால் 10,000 டாலர் தாண்டும்.

சோதிப்பது எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். பேட்டரி நெகட்டிவ் இரண்டையும் கழற்றிவிட்டு, வெளி ஸ்டட்டை விரல்களால் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். கல் மாதிரி நின்றால் இப்போதைக்குச் சரி. லேசாகச் சுழன்றாலோ ஆடினாலோ, அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. இதை ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் செய்யலாம், ஒரு நிமிட வேலை. மல்டிமீட்டரை நம்ப வேண்டாம். கேபிளைக் கழற்றிவிட்டு ஸ்டட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்ஜிய ஓம் காட்டும். முழுக்க அறுந்திருந்தால் மட்டுமே திறந்த சர்க்யூட் காட்டும். பாதி தின்னப்பட்ட போல்ட்டில் இருக்கும் 0.01 ஓமைப் பிரித்துக் காட்டும் திறன் சாதாரண மீட்டருக்கு இல்லை. "ஓம் பார்த்தேன், நன்றாக இருக்கிறது" என்பது இங்கே ஒரு சான்றே ஆகாது. ஸ்டட் ஆடாவிட்டாலும் உள்ளே மெலிந்திருக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஹாரனைக் கழற்றி ஹீட்டரை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். இங்கே ஹாரன் என்றால் இன்டர்கூலர் குழாயிலிருந்து மேனிஃபோல்டுக்கு வளைந்து இறங்கும் அலுமினிய முழங்கை. ஒலிக்கும் ஹாரன் அல்ல.

சந்தையில் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கம்பெனி ஹீட்டரையே புதிதாக வாங்கிப் போடுவது. பொருத்தம் கச்சிதம், எரர் கோடு வராது, எமிஷன் சோதனையில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் வடிவமைப்பு அதேதான். அதே ஸ்டட், அதே நட்டு, அதே தேய்மானம். பழைய கடிகாரத்தை மறுபடி பூஜ்ஜியத்தில் வைக்கிறோம், அவ்வளவே. கம்மின்ஸ் பவர்டிரெய்னுக்கு ராம் தந்த உத்தரவாதம் 2025 மாடல் வரை 5 ஆண்டு அல்லது 1,00,000 மைல். அதற்குள் இருக்கும் வண்டிக்கு இதுதான் சரியான வழி. வேறு பாகம் மாட்டி உத்தரவாதத்தைத் தகராறுக்கு உள்ளாக்குவதில் அர்த்தமில்லை. உத்தரவாதம் முடிந்த வண்டிக்கு இந்தப் பாகத்தின்மேல் பணம் போடத் தேவையில்லை.

இரண்டாவது, ஹீட்டரை வைத்துக்கொண்டு போல்ட்டை மட்டும் மாற்றும் கிட். பழைய ஸ்டட்டைத் தூக்கிவிட்டு, கொஞ்சம் தடித்த போல்ட்டும் கழலாத நட்டும் தருவார்கள். சிலர் சொந்தமாகவே நட்டின் மேல் ஒரு புள்ளி வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். விலை குறைவு, குளிர்காலச் சூடும் அப்படியே இருக்கும். குறை என்னவென்றால் வேலை முழுக்கப் பொருத்துபவர் கையில் இருக்கிறது. பட்டைக் கம்பியின் முனை ஏற்கெனவே கருகிக் குழி விழுந்திருந்தால் புதிய போல்ட்டும் அந்தக் குழிமேல்தான் உட்காரும், முழுப் பரப்பும் தொடாது, மறுபடி பொறி. முனை பளபளவென்று தட்டையாக இருக்கும் ஹீட்டருக்கு மட்டுமே இது தேறும். வெல்டிங் வைப்பதானால் ஹீட்டரை மேசைமேல் வைத்துச் செய்யுங்கள். வண்டியில் வைத்தே வெல்டிங் அடித்து இ.சி.எம். என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் எரிந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். காப்பு வளையங்களும் சூடு தாங்காமல் வெடிக்கும்.

மூன்றாவது, ஹீட்டரையே தூக்கிவிட்டு அதன் இடத்தில் வெற்று அலுமினியத் தகடோ ஸ்பேசரோ வைப்பது. கிரிட் ஹீட்டர் டிலீட் என்று விற்பது இதைத்தான். நூறு, இருநூறு டாலரில் முடிந்துவிடும். காற்றுப் பாதையில் ஒரு திருகுகூட மிச்சம் இல்லை, அந்த வகையில் கேள்விக்கு இடமில்லாத தீர்வு. டெக்சாஸின் தெற்கு, ஃபுளோரிடா, அரிசோனாவின் பாலைப் பகுதி என்று ஆண்டில் பெரும்பாலான நாள் 15 டிகிரிக்கு மேல் இருக்கும் இடங்களில் ஓடும் வண்டிக்கு இதைத் தாராளமாகப் போடலாம். அங்கே அந்த ஹீட்டர் பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் மினசோட்டா, வடக்கு டகோட்டா, ஆல்பர்ட்டா பக்கம் கதை வேறு. மைனஸ் 20-இல் ஹீட்டர் இல்லாமல் கிராங்க் செய்தால் இன்ஜின் எழுந்துவிடலாம், ஆனால் நொண்டி நொண்டி எழும். பற்றாத டீசல் வெள்ளைப் புகையாகப் போகும், கண் எரியும். போகாத மிச்சம் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்ப்பில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். புகை, எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியையும் சீக்கிரம் அடைக்கும். "பிளாக் ஹீட்டர் இருக்கிறதே, செருகிவிடலாம்" என்பார்கள். உண்மைதான், கம்மின்ஸின் 750 வாட் பிளாக் ஹீட்டர் இரவு முழுக்கச் செருகியிருந்தால் கிரிட் ஹீட்டரை யாரும் தேட மாட்டார்கள். ஆனால் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வண்டியை எடுக்கும் திறந்தவெளி பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது? அதை யோசித்துவிட்டு வாங்குங்கள்.

இந்தத் தகடுகளை விற்பவர்கள் குதிரைத்திறன் கூடும், எக்ஸாஸ்ட் சூடு குறையும் என்றும் எழுதுவார்கள். கம்பெனி ட்யூனில் ஓடும் வண்டியில் அது கைக்குத் தெரியாது. டர்போ அழுத்தித் தள்ளும் காற்றுக்கு அந்தச் சின்னக் கம்பிவலை பெரிய சுவர் அல்ல. பாதுகாப்புக்காக வாங்குங்கள், பவருக்காக வாங்காதீர்கள்.

நான்காவது, ஹாரனோடு சேர்த்துத் தன் சொந்த ஹீட்டரையும் கொண்டுவரும் முழுத் தொகுப்பு. இந்த வகையில் அதிகம் பேசப்படுவது கலிஃபோர்னியாவின் பேங்க்ஸ் நிறுவனத்தின் மான்ஸ்டர்-ராம். கம்பெனி ஹீட்டர் முழுக்க வெளியே போய்விடும். கழன்று உள்ளே விழ நட்டும் போல்ட்டும் இல்லாத ஹீட்டர் என்பதுதான் அதன் விற்பனை வாக்கு. இதே தத்துவத்தில் வேறு சிலரும் செய்கிறார்கள். விலை தகடு கிட்டைப்போல் பல மடங்கு. குளிர்ப் பிரதேசத்தில் உத்தரவாதம் முடிந்த வண்டி வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியது இந்த வகைதான், ஏனென்றால் முதலில் சொன்ன இரண்டு கேள்விக்கும் இது ஒன்றுதான் பதில் தருகிறது. வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். உங்கள் மாடல் ஆண்டுக்கான தொகுப்பா? 2007-12, 2013-18, 2019-க்குப் பின் என்று ஹாரன் சுற்றுப்புறம் மாறுகிறது. கம்பெனி ரிலேயிலேயே மாட்டிக்கொள்கிறதா, தனி ஒயரிங் வேண்டுமா? கலிஃபோர்னியாவில் பதிவான வண்டியென்றால், அந்த மாநிலத்தின் காற்று மாசு வாரியமான கார்ப் தரும் அனுமதி எண் பாகத்தோடு வருகிறதா? அந்த எண் இல்லாத இன்டேக் பாகம் அங்குள்ள ஸ்மாக் என்ற புகைச் சோதனையில் நிற்காது.

இனி வேலை. கை பழகியவருக்கு அரை நாள். முதல்முறை செய்பவர் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பாதி நேரம் கரி சுரண்டுவதில் போகும்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராமில் பேட்டரி இரண்டு, ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மறப்பது வழக்கமான தவறு. மறந்தால் ஹீட்டர் கேபிளுக்குப் பின்னால் இன்னொரு பேட்டரியின் முழுப் பலமும் நிற்கும். ஸ்பேனர் பிளாக்கில் பட்டால் வெல்டிங் ராடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டு நெகட்டிவும் வெளியே.

இன்டர்கூலரிலிருந்து வரும் ரப்பர் பூட்டின் கிளாம்பைத் தளர்த்துங்கள். த்ராட்டில் வால்வின் கனெக்டர், அழுத்தமும் சூடும் அளக்கும் சென்சாரின் கனெக்டர், எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கை இன்டேக்குக்குத் திருப்பும் இ.ஜி.ஆர். குழாயின் கிளாம்ப், டிப்ஸ்டிக் குழாயைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட் எல்லாம் வரிசையாக வரும். இ.ஜி.ஆர். கிளாம்பும் அதன் பாக்கிங்கும் சூட்டில் வெந்து இறுகியிருக்கும். பாக்கிங்கைப் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டே தொடங்குங்கள். ஹீட்டர் சட்டத்துக்கு மேலும் கீழும் ஒவ்வொரு கேஸ்கெட் உண்டு, ஆக இரண்டு தேவை. ஒன்று மட்டும் வாங்கி வந்து மாலை நேரத்தில் கடை தேடுவது ரொம்பச் சகஜம்.

அடுத்தது ஹீட்டர் கேபிளின் நட்டு. இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஸ்டட்டின் அடியில் சட்டத்தோடு ஒட்டி இன்னொரு நட்டு இருக்கும். அதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டை மட்டும் திருப்புங்கள். ஒற்றை ஸ்பேனரால் திருப்பினால் ஸ்டட் முழுக்கச் சுழலும், ஏற்கெனவே மெலிந்த உள் போல்ட் அந்தத் திருகலிலேயே முறிந்து மேனிஃபோல்டுக்குள் விழும். இவ்வளவு நாள் தாங்கிய போல்ட்டை நாமே ஒடித்த கதையாகிவிடும்.

ஹாரனின் போல்ட்களை எடுத்துத் தூக்கினால் கிரிட் தெரியும். இ.ஜி.ஆர். உள்ள வண்டியில் அது தெரிவது சந்தேகம்தான், கரியும் எண்ணெயும் குழைந்து தார் பூசினாற்போல் இருக்கும். ஹீட்டரை நேராக மேலே எடுங்கள், சாய்க்க வேண்டாம். எடுத்த நொடியே திறந்த வாயைத் துணியால் மூடுங்கள். துணி ஒன்றே ஒன்றாக, பெரியதாக, கண்ணுக்கு அடிக்கும் நிறத்தில் இருக்கட்டும். மூன்று சின்னத் துணி திணித்து இரண்டை மட்டும் வெளியே எடுத்தவர்கள் போல்ட் விழுந்தவர்களைவிட நல்ல நிலையில் இல்லை.

எடுத்த ஹீட்டரைக் கவிழ்த்து வையுங்கள். கரியைத் துடைத்துவிட்டு ஸ்டட்டின் உள்முனையைப் பாருங்கள். மரை முழுசாக நட்டைத் தாண்டி நின்று, நட்டு இறுக்கமாக இருந்தால் நல்லது. நட்டின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்து, மரை மழுங்கி, சுற்றிலும் பொடிப்பொடியாக உருகிய மணிகள் தெரிந்தால் அது வருகிற குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது. நட்டே இல்லையென்றால் மற்ற வேலையை எல்லாம் நிறுத்துங்கள். போல்ட் இரும்பு, மேனிஃபோல்டு அலுமினியம், ஆகவே நீளக் கம்பி காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவலாம். கிடைக்காவிட்டால் போர்ஸ்கோப் விட்டு இன்டேக் போர்ட்களைப் பாருங்கள், முதலில் ஆறாவது சிலிண்டர் பக்கம். சிலிண்டருக்குள் பார்க்க குளோ பிளக் துளை இந்த இன்ஜினில் இல்லை, இன்ஜெக்டரைத்தான் எடுக்க வேண்டும். துண்டு கைக்கு வரும்வரை கிராங்க் செய்யாதீர்கள். "வெளியே எங்காவது விழுந்திருக்கும்" என்ற நம்பிக்கைக்கு இங்கே விலை அதிகம்.

சில கிட்கள் ஹீட்டரோடு நிற்காமல் மேனிஃபோல்டின் மேல்மூடியையும் எடுக்கச் சொல்லும். அப்படியானால் அதன்மேல் ஓடும் உயரழுத்த டீசல் குழாய்களைக் கழற்ற வேண்டியிருக்கும். 6.7-இல் அவற்றுக்கு டீசல் பகிரும் ரெயில் குழாயின் அழுத்தம் 1,800 பார் வரை போகும், 2019-இல் அது 2,000-க்கு உயர்ந்தது. ஓடும்போது கசியும் டீசல் தோலைத் துளைக்கும், கையை அருகில் கொண்டுபோகக் கூடாது. இன்ஜின் நின்று அழுத்தம் இறங்கிய பிறகே நட்டைத் தொடுங்கள். கழற்றிய ஒவ்வொரு முனைக்கும் உடனே மூடி போடுங்கள். ஒரு மணல் துகள் போதும் இன்ஜெக்டரைக் கெடுக்க. குழாய்களை எடுத்த அதே இடத்தில், அதே வரிசையில் மாட்டுங்கள். இந்தக் கூடுதல் வேலைக்குத் துணிவு இல்லையென்றால் ஹீட்டர் தகட்டை மட்டும் மாற்றும் கிட்டைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

கேஸ்கெட் உட்காரும் பரப்பைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள், அலுமினியத்தில் இரும்பு பிளேடு கோடு போட்டுவிடும். சுரண்டும்போது வேக்யூம் கிளீனர் குழாயைப் பக்கத்திலேயே பிடித்திருங்கள். பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம், மேனிஃபோல்டுக்குள் நேராகப் பீய்ச்ச வேண்டாம். தேங்கி நிற்கும் ஆவி முதல் ஸ்டார்ட்டில் வெடிக்கும். அதே காரணத்துக்காக, கிரிட் ஹீட்டர் உள்ள வண்டியில் ஈதர் ஸ்டார்டிங் ஸ்பிரே ஒருபோதும் கூடாது. பழுத்த கம்பிமேல் ஈதர் பட்டால் இன்டேக்கே கிழியும். ஹீட்டரை எடுத்த பிறகாவது அடிக்கலாமா என்றால், அப்போதும் வேண்டாம், பிஸ்டன் தாங்காது.

புதிய பாகத்தை வைத்து போல்ட்களைக் கையால் முழுக்கத் திருகிய பிறகு, குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி 24 நியூட்டன் மீட்டர், அதாவது 18 அடி-பவுண்டு, டார்க் ரெஞ்ச்சால் முடுக்குங்கள். அலுமினிய மரை, கூடுதல் பலத்தைப் பொறுக்காது. கிட்டோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே செல்லும்.

டிலீட் போட்டவர்களுக்கு ஒரு கேபிள் மிச்சமாகத் தொங்கும். டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுவதுதான் பலர் செய்வது, ஆனால் அது போதாது. ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் அந்த முனையில் பேட்டரியின் முழுக் கரண்டும் வந்து நிற்கும். டேப் சூட்டில் இளகி, கேபிள் பிளாக்கைத் தொட்டால் தீ. ஸ்டட்டிலிருந்து கேபிளைப் பின்தொடர்ந்து போய் ரிலேயில் அதன் மறுமுனையையும் கழற்றி, கேபிளையே வெளியே எடுத்துவிடுங்கள். ரிலே உடலையும் அதன் சின்னக் கட்டுப்பாட்டு ஒயர்களையும் இருந்த இடத்திலேயே விடலாம். அவற்றைப் பிடுங்கினால்தான் பி0540 வரிசை எரர் கோடுகள் வரும். 2021-23 மாடல் வைத்திருப்பவர்கள் ரிலேயைத் தனியாகக் கவனியுங்கள். அந்த ஆண்டுகளின் சாலிட் ஸ்டேட் ஹீட்டர் ரிலேயில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம் என்று ரீகால் வந்திருக்கிறது. வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைக் கொடுத்தால் டீலர் இலவசமாகப் பார்த்துத் தருவார்.

டிலீட்டுக்குப் பிறகு பி2609 கோடு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஹீட்டரை இயக்கினால் பேட்டரி வோல்ட் சற்று இறங்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் எதிர்பார்க்கிறது, இறங்கவில்லையென்றால் செக் இன்ஜின் விளக்கைப் போடுகிறது. குளிர் அடிக்கும் நாளில்தான் இது எட்டிப் பார்க்கும். கோடைக் காலத்தில் கிட் போட்டுவிட்டு "கோடு வரவில்லை, அருமையான பாகம்" என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கும் மதிப்புரைகளை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீர் வேண்டும். ஐடிலில் அழுத்தம் இருக்காது, கசிவு தெரியாது. டர்போ வாயை மூடி 1 பார் அளவுக்குக் கம்ப்ரெசர் காற்று ஏற்றி, கேஸ்கெட் ஓரங்களிலும் பூட் கிளாம்பிலும் தெளித்துப் பாருங்கள். நுரை வந்தால் கரி சரியாகச் சுரண்டப்படவில்லை என்று பொருள். முடுக்கி முடுக்கி அடைக்கப் பார்க்காமல் மறுபடி பிரியுங்கள். கவனிக்காமல் ஓட்டினால் ஏற்றத்தில் கரும்புகையும் பவர் குறைவும் வரும், டர்போ வீணாகச் சுற்றும்.

மற்ற பிக்கப்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அறிவுரைகள் வண்டி மாறிப் பரவுகின்றன. ஃபோர்டின் பழைய 7.3 பவர்ஸ்ட்ரோக்கிலும் இன்டேக் ஹீட்டர் உண்டு. ஆனால் அதை ஸ்டார்ட் செய்ய வைப்பது குளோ பிளக். ஹீட்டர் வெறும் துணைக்கு, கடுங்குளிரில் ஐடிலில் புகையைக் குறைக்க. அதைக் கழற்றி ஒரு பிளக் அடித்து மூடினாலும் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸின் டூராமேக்ஸ் டீசலிலும் குளோ பிளக்தான் முதலாள். "என் வண்டியில் எடுத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று அந்த வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டு கம்மின்ஸில் செய்யக் கூடாது. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு டாட்டா லாரிகளில் பழக்கமான, ஜாம்ஷெட்பூரில் தயாரான 5.9 கம்மின்ஸும் இதே பி வரிசைக் குடும்பம்தான். ஆனால் நம் வெயிலில் ஹீட்டர் என்ற பேச்சே எழாது. ராமில் வந்த 5.9-இன் ஹீட்டருக்கு இரண்டு ஸ்டட், ஒவ்வொன்றும் சுமார் 95 ஆம்பியர். அதில் போல்ட் விழும் புகார் 6.7 அளவுக்கு இல்லை. 2025 ராமில் கம்மின்ஸ் கிரிட் ஹீட்டரையே விட்டுவிட்டு குளோ பிளக்குக்கு மாறிவிட்டது. அந்த மாடல்காரர்கள் இதில் எதையும் வாங்க வேண்டியதில்லை.

பழைய 6.7 வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். விற்பவர் "ஹீட்டரை மாற்றிவிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னால், கழற்றிய பழைய ஹீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். கவிழ்த்து உள் போல்ட்டைப் பாருங்கள். நட்டு இருந்தால் பேரம் பேசலாம். நட்டு இல்லாமல் நுனி மொட்டையாக இருந்தால், அந்தத் துண்டு எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.